மீட்கப்பட்ட சிவிங்கிக்குட்டி மறுபடி காடு திரும்புமா?

பால்புட்டியைப் பற்றிக்கொண்டு உறிஞ்சும் சிவிங்கிப்புலி (ஆங்கிலத்தில் சீட்டா) குட்டியின் படம் இணையத்தில் வந்தால் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள், பகிர்கிறார்கள். பார்ப்பவர் மனம் இளகுவதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் தாய் இருப்பதில்லை. குட்டி மனிதக் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் அதன் தாய் எங்கோ சுடப்பட்டிருக்கலாம், பொறிக்கூண்டில் சிக்கியிருக்கலாம், அல்லது அது இரை தேடிப் போயிருந்த நேரத்தில் குட்டியை யாரோ தூக்கி வந்திருக்கலாம். காட்டுயிர் மறுவாழ்வு என்று நாம் சொல்லும் வேலை இந்த இழப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அது எப்படி நடக்கிறது, எப்போது பலிக்கிறது, எப்போது பலிக்காது, அந்த வேலையே தேவைப்படாமல் போக என்ன செய்கிறார்கள் என்பதை, இதைப் பற்றி முதன்முறையாகப் படிப்பவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். சிவிங்கிப்புலியே இங்கே மையம். பிற பூனையினங்கள் தேவையான இடங்களில் வந்து சேரும்.

முதலில் விலங்கைத் தெரிந்துகொள்வோம். சிவிங்கிப்புலியின் கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த தடம்போல ஒரு கறுப்புக் கோடு இறங்கும். உடலில் இருப்பவை நிரம்பிய வட்டப் புள்ளிகள். சிறுத்தைக்கு அந்தக் கோடு கிடையாது. அதன் புள்ளிகள் வளையம் வளையமாக இருக்கும். சிறுத்தை பதுங்கியிருந்து பாயும், கொன்ற இரையை மரத்தில் ஏற்றி வைக்கும் அளவுக்குப் பலம் உள்ளது. சிவிங்கிப்புலி ஓடிப் பிழைக்கும் விலங்கு. போட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிப்புலிகளின் கழுத்தில் கருவி பொருத்தி அளந்தபோது மணிக்கு 93 கிலோமீட்டர் வரை வேகம் பதிவாயிற்று. அந்த ஓட்டத்துக்கென்றே மெலிந்த உடல், சிறிய தலை, சிறிய பற்கள். நகங்களையும் மற்றப் பூனைகளைப்போல முழுதாக உள்ளிழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் தான் கொன்ற இரையையே விட்டுவிட்டு விலகிப் போய்விடும். காலில் அடிபட்டால் ஓட முடியாது. ஓட முடியாவிட்டால் பட்டினிதான். எனவே சண்டையைத் தவிர்ப்பது அதன் இயல்பிலேயே இருக்கிறது. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நம்பித்தான் மனிதர்கள் ஓர் அருமையான வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு, காட்டில் எஞ்சியிருக்கும் சிவிங்கிப்புலிகள் சுமார் 7,100 என்று மதிப்பிட்டது. ஒரு காலத்தில் அவை வாழ்ந்த நிலப்பரப்பில் 9 விழுக்காடுதான் இப்போது அவற்றிடம் மிஞ்சியிருக்கிறது. ஆசியச் சிவிங்கிப்புலி ஈரானில் மட்டும், மிகச் சில எண்ணிக்கையில் தாக்குப்பிடிக்கிறது. அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் எண் வேறொன்று. எஞ்சிய வாழிடத்தில் 77 விழுக்காடு தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் வெளியே இருக்கிறது. அதாவது பெரும்பாலான இடங்களில் சிவிங்கிப்புலி வாழ்வது யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலத்தில்.

பூங்காவுக்கு வேலி போட்டுக் காவலரை நிறுத்தினால் போதும் என்ற எண்ணம் இந்த விலங்கின் விஷயத்தில் அதனால்தான் உதவுவதில்லை.

ஆட்டுப்பட்டியில் நடக்கும் பாதுகாப்பு

உலகிலேயே சிவிங்கிப்புலிகள் கணிசமாக வாழும் நாடுகளில் ஒன்று தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீபியா. அங்கும் அவற்றில் மிகப் பெரும்பான்மை தனியார் கால்நடைப் பண்ணைகளில்தான் வாழ்கின்றன. காரணம் எளிது. பண்ணையாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிங்கங்களையும் கழுதைப்புலிகளையும் தங்கள் நிலத்திலிருந்து ஒழித்துக்கட்டிவிட்டார்கள். இரையைப் பறிக்கும் எதிரிகள் இல்லாத அந்த நிலம் சிவிங்கிப்புலிக்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆனால் அங்கே கன்றுகளும் ஆடுகளும் இருந்தன, துப்பாக்கியும் இருந்தது. 1980களில் நமீபியப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான சிவிங்கிப்புலிகள் சுடப்பட்டன, பிடித்து அகற்றப்பட்டன. அந்தப் பண்ணையாளர்களை நான் வில்லன்களாகப் பார்க்கவில்லை. பத்து ஆடுகளை நம்பிப் பிழைக்கும் வீட்டில் இரண்டு ஆடு போனால் அந்த மாதம் எப்படி ஓடும் என்பது நம் கிராமங்களுக்கும் தெரிந்த கணக்குதான்.

1990இல் அமெரிக்க விலங்கியலாளர் லாரி மார்க்கர் நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒச்சிவரோங்கோ என்ற ஊருக்கு அருகே அதன் தலைமையகம் இருக்கிறது. அவர் முதலில் செய்த காரியம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பண்ணையாளர்களிடம் பேசியது. எத்தனை கால்நடை போகிறது, எந்தப் பருவத்தில் போகிறது, எது அடித்தது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார். சிவிங்கிப்புலி பகலில் நடமாடும் விலங்காதலால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பழியும் அதன் மேலேயே விழுகிறது. நரியும் சிறுத்தையும் கேரக்கால் பூனையும் கொன்றவை, நோயில் செத்தவை, திருடு போனவை எல்லாம் அதன் கணக்கில் எழுதப்பட்டன என்பது போகப்போகத் தெரிந்தது.

1994இல் நாய்கள் வந்தன. துருக்கியில் பல நூற்றாண்டுகளாக ஆட்டுமந்தைகளைக் காத்துவரும் அனடோலிய மேய்ப்பர் நாய், கங்கால் ஆகிய இனங்களை அந்த அமைப்பு வளர்த்துப் பண்ணைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. இவை ஆடு மேய்க்கும் நாய்கள் அல்ல, மந்தையை ஓட்டத் தெரியாது. பால்குடி மறந்த சில வாரங்களிலேயே குட்டியை ஆடுகளோடு விட்டுவிடுவார்கள். அது ஆடுகளின் நடுவே உண்டு, உறங்கி, அவற்றையே தன் குடும்பமாக எண்ணி வளரும். வளர்ந்தபின் மந்தையோடு போகும். அந்நியமாக ஏதாவது தென்பட்டால் முன்னே வந்து நின்று குரைக்கும். பெரும்பாலான நாள்களில் அவ்வளவே போதும். காயம் பட்டுவிடக் கூடாது என்று அஞ்சும் சிவிங்கிப்புலி அத்தனை பெரிய நாயைக் கண்டதும் வேறு இரை தேடிப் போய்விடும். நாய் வந்தபின் கால்நடை இழப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக அந்த அமைப்பு தெரிவிக்கிறது. நாயால் ஆடு பிழைக்கிறது, ஆடு பிழைத்ததால் சிவிங்கிப்புலி பிழைக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்பில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான ஏற்பாடுகளில் இது ஒன்று. பண்ணையாளரிடம் தியாகம் எதையும் கேட்கவில்லை, அவருடைய நஷ்டத்தைக் குறைத்துக் காட்டியது.

இன்னொரு கண்டுபிடிப்பும் சொல்லத் தக்கது. ஆண் சிவிங்கிப்புலிகள் சில குறிப்பிட்ட மரங்களைத் தேடிவந்து சிறுநீர் பெய்தும் நகத்தால் கீறியும் அடையாளம் விட்டுப்போகும். ஒரு பகுதியிலுள்ள மற்றச் சிவிங்கிப்புலிகளும் அந்த மரங்களுக்கு வந்து மோந்து பார்த்துச் செய்தி அறிந்து செல்லும். முன்பு பண்ணையாளர்கள் இந்த மரங்களைச் சுற்றியே முட்களை அடுக்கிப் பொறிக்கூண்டு வைத்தார்கள், ஏனெனில் அங்கே வராத சிவிங்கிப்புலியே இல்லை. பெர்லினிலுள்ள லைப்னிட்ஸ் விலங்குக்காட்சியக, காட்டுயிர் ஆய்வு நிறுவனத்தார் இதையே திருப்பிப் போட்டு யோசித்தார்கள். நமீபியப் பண்ணைகளில் கழுத்துப்பட்டைக் கருவிகளால் சிவிங்கிப்புலிகளைப் பின்தொடர்ந்து, அவை கூடும் மையங்கள் எங்கெங்கே உள்ளன என்று வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். கன்று ஈன்ற பசுக்கூட்டத்தை அந்த மையங்களை விட்டுத் தள்ளி மேய்த்த பண்ணைகளில் கன்று இழப்பு 86 விழுக்காடு குறைந்தது. 2020இல் வெளியான அந்த ஆய்வு, சிவிங்கிப்புலிகள் கன்றுகளை மோப்பம் பிடித்துத் தேடி வரவில்லை என்றும் காட்டியது. அவை தங்கள் இடத்திலேயே இருந்தன. கன்றுகள் அங்கே போய் நின்றிருந்தன.

நிலத்தின் நிலைமையும் கொஞ்சம் உண்டு. அளவுக்கு மீறிய மேய்ச்சலால் புல்வெளி அழிந்த இடங்களில் முட்புதர் அடர்ந்துவிட்டது. வேகமாக ஓடும் விலங்குக்கு அது பெரும் தொல்லை. முள் குத்திக் கண்ணில் காயம் படுவதும் உண்டு. அந்தப் புதர்களை வெட்டி எரிபொருள் கட்டியாக அழுத்தி விற்கும் தொழிலையும் மார்க்கரின் அமைப்பு நடத்துகிறது. ஊர்க்காரர்களுக்கு வேலை, விலங்குக்குத் திறந்த வெளி.

குட்டி கைக்கு வந்துவிட்டால்

இவ்வளவுக்கும் பிறகும் குட்டிகள் அனாதையாகின்றன. அப்போதுதான் மறுவாழ்வு என்ற பேச்சே வருகிறது.

தாய் சிவிங்கிப்புலி குட்டிகளைச் சுமார் ஒன்றரை ஆண்டுகள் உடன் வைத்திருக்கும். அந்தக் காலம் முழுவதும் பயிற்சிதான். சில மாதக் குட்டிகள் முன்னால் மான்குட்டியை உயிரோடு கொண்டுவந்து விட்டுவிட்டு, அவை துரத்திப் பிடிக்கத் தடுமாறுவதைப் பார்த்திருக்கும். தப்பினால் மறுபடி பிடித்து வரும். துரத்தும் ஆசை குட்டிக்குப் பிறவியிலேயே உண்டு. எதைத் துரத்துவது, எவ்வளவு தொலைவில் ஓட்டத்தைத் தொடங்குவது, பிடித்தபின் கழுத்தை எப்படி இறுக்குவது, சிங்கத்தின் வாடை வந்தால் எப்போது விலகுவது என்பதெல்லாம் பழகிப் பழகி வருவன. தாய் இல்லாத குட்டி இவற்றில் எவ்வளவு கற்றிருந்தது என்பதைப் பொறுத்தே அதன் எதிர்காலம் அமைகிறது.

ஆகவே மீட்பு மையத்துக்கு ஒரு குட்டி வந்ததும் மருத்துவர் எடைபோட்டு, இரத்தம் பார்த்து, ஒட்டுண்ணி நீக்குவதோடு இன்னொன்றையும் பார்க்கிறார்: வயது என்ன? தாயோடு எத்தனை மாதம் இருந்தது? ஏற்கெனவே மனிதரோடு எவ்வளவு பழகிவிட்டது? உடன்பிறந்தது ஏதாவது கூட வந்திருக்கிறதா? ஆறு மாதத்துக்கு மேல் தாயோடு காட்டில் இருந்து, மனிதரைக் கண்டால் சீறும் குட்டிக்கு நம்பிக்கை அதிகம். மூன்று வாரத்தில் வந்து பால்புட்டி பழகிய குட்டிக்கு மிகக் குறைவு. நம்மைக் கண்டு ஓடிவந்து மடியில் ஏறும் குட்டியைப் பார்க்க இனிமையாகத்தான் இருக்கும். நாளை அது பெரிதாகி ஒரு பண்ணையாளரை நோக்கி அப்படியே ஓடிப்போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

காட்டுக்குப் போக வாய்ப்புள்ளவற்றை ஏக்கர் கணக்கில் பரந்த அடைப்புகளில், கூடியவரை மனித முகம் படாமல் வளர்க்கிறார்கள். பெரும்பாலான பூனைகளுக்கு இல்லாத ஒரு வசதி சிவிங்கிப்புலிக்கு உண்டு. ஆண் சகோதரர்கள் வாழ்நாள் முழுக்கக் கூட்டணியாகவே இருப்பார்கள். குட்டிகள் தாயைப் பிரிந்தபின்னும் சில மாதங்கள் சேர்ந்தே திரியும். எனவே வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த அனாதைக் குட்டிகளையும் சிறு வயதிலேயே ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பல நேரம் ஒட்டிக்கொள்கின்றன. தனியாக விடப்படுவதைவிடக் குழுவாக விடப்படுவது எவ்வளவோ நல்லது. ஒன்று இரையைத் துரத்த மற்றொன்று மடக்கக் கற்றுக்கொள்கிறது.

விடுவிப்பு என்பது கதவைத் திறந்துவிட்டு வீடியோ எடுப்பதோடு முடிவதில்லை. நமீபியாவில் எரிண்டி போன்ற பெரிய தனியார் காப்பகங்களில், கால்நடை இல்லாத, இரை மிகுந்த இடம் பார்த்து விடுகிறார்கள். கழுத்தில் பட்டைக் கருவி இருக்கும். ஒரு குழு நாள்தோறும் பின்தொடரும். முதல் வாரங்களில் அவை வேட்டையில் தோற்றுக்கொண்டே இருந்தால் பட்டினியில் தளராதபடி கொஞ்சம் இறைச்சியும் தண்ணீரும் வைப்பார்கள். பிடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்கள். ஆபத்து எங்கே என்றால், அனுபவமில்லாத விலங்கு தவறான இரையைத் தேர்ந்தெடுப்பதில். காட்டுப்பன்றியின் தந்தமும் ஓரிக்ஸ் மானின் நெடுங்கொம்பும் ஒரே குத்தில் வாழ்வை முடித்துவிடும். 2004க்கும் 2018க்கும் இடையில் மார்க்கரின் குழு இப்படிக் காட்டுக்கு அனுப்பிய 36 சிவிங்கிப்புலிகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்திருக்கிறது. பெரும்பாலானவை தானே வேட்டையாடிப் பிழைக்கும் நிலைக்கு வந்தன. பதினான்கு ஆண்டுகளுக்கு 36 என்பது எவ்வளவு மெதுவான வேலை என்பதையும் கவனியுங்கள்.

இதே முறையை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் இருக்கிறார்கள். 2012 பிப்ரவரியில் பிரிமோர்யே பகுதியின் பனியில் நான்கு மாத வயதுள்ள ஆமூர் புலிக்குட்டி ஒன்று குற்றுயிராகக் கிடைத்தது. உறைபனியால் வாலின் நுனி கெட்டுப்போய் அதை வெட்ட வேண்டியதாயிற்று. சொலூஷ்கா என்று பெயரிட்டார்கள். அலெக்செயெவ்கா மறுவாழ்வு மையத்தின் உயர்ந்த வேலிக்குள், மனிதரைப் பார்க்காமலே அது வளர்ந்தது. கண்காணித்தது கேமரா வழியாக மட்டுமே. இரையை ஆள் கண்ணில் படாதபடி உள்ளே விட்டார்கள். முதலில் சிறியவை, பிறகு காட்டுப்பன்றி, புள்ளிமான் போன்ற சிகா மான். அது தானே கொன்று தின்னப் பழகியது உறுதியானதும், 2013 மே மாதம் பாஸ்தாக் காப்புக்காட்டில் விட்டார்கள். புலிகள் அற்றுப்போயிருந்த நிலம் அது. 2015 டிசம்பரில் அங்குள்ள தானியங்கிக் கேமராவில் சொலூஷ்கா இரண்டு குட்டிகளோடு பதிவானது. அனாதையாக மீட்கப்பட்ட ஒரு புலி காட்டில் தாயாயிற்று என்ற அந்தச் செய்தியை முதன்முதலில் படித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

திரும்ப முடியாதவை

எல்லாக் குட்டிக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் வடகிழக்கு மூலையில் சிவிங்கிக்குட்டி வியாபாரம் பல ஆண்டுகளாக நடக்கிறது. எத்தியோப்பியாவின் வறண்ட எல்லைப் பகுதிகளிலும் சோமாலிலாந்திலும் ஆட்டை இழந்த நாடோடி மேய்ப்பர் குட்டிகளைப் பிடித்து விற்கிறார். அல்லது விலை கிடைக்கும் என்று தெரிந்தே தேடிப் பிடிக்கிறார். அங்கிருந்து படகில் ஏடன் வளைகுடாவைத் தாண்டி ஏமன் வழியாக வளைகுடா நாடுகளுக்குப் போகின்றன. செல்வந்தர் வீட்டு வாசலில் கார் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்க. சிவிங்கிப்புலிகளின் பன்னாட்டு வணிகம் 1975 முதலே தடை செய்யப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2016இல் இத்தகைய விலங்குகளைத் தனியார் வளர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது. வாங்குவோர் இருக்கும்வரை வழி எப்படியோ கிடைத்துவிடுகிறது.

சோமாலிலாந்து அதிகாரிகள் பறிமுதல் செய்யும் குட்டிகள் அங்குள்ள மையத்துக்கு வரும்போது பெரும்பாலும் எலும்பும் தோலுமாக இருக்கின்றன. பொருந்தாத பாலும், எலும்பில்லாத வெறும் இறைச்சியும் கொடுத்துக் கொடுத்துச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் எலும்பு வளைந்துபோனவை நிறைய. சில வாரங்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டதால் வேட்டையின் முதல் பாடம்கூட அவற்றுக்கு இல்லை. இவை வாழ்நாள் முழுதும் பராமரிப்பில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. நாள்தோறும் இறைச்சி, மருத்துவர், வேலி, ஆள்கூலி. ஒரு குட்டியைத் திருடுவதற்குச் சில மணி நேரம் போதும், அதைக் காப்பாற்ற ஓர் ஆயுள் தேவை.

கூண்டில் பெருக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சிவிங்கிப்புலி அதற்கு எளிதில் இணங்காத விலங்கு. முகலாயப் பேரரசர் அக்பர் வேட்டைக்காக ஆயிரம் சிவிங்கிப்புலிகள் வரை சேர்த்திருந்ததாக அவர் மகன் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். முகலாயர் அடைத்து வைத்திருந்தவற்றில் குட்டி ஈன்றதாகப் பதிவானது ஒரே ஒரு முறை, அதுவும் ஜஹாங்கீர் காலத்தில். ஆக அந்த விலங்குகள் அனைத்தும் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை; செத்தால் மறுபடி காட்டிலிருந்தே பிடித்தாக வேண்டும். அரசர்களின் இந்த ஆசை பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. நிலமும் இரையும் குறைந்தன, துப்பாக்கி வந்தது. 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் கொரியா சமஸ்தானத்தின் அரசர் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். 1952இல் இந்தியாவில் இந்த இனம் அற்றுவிட்டதாக அரசு அறிவித்தது. இந்தியச் சிவிங்கிப்புலியை ஒழித்ததில் கூண்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இன்றைய செல்லப்பிராணி வியாபாரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கூண்டில் பெருக்குவது சரியாகக் கைகொடுத்த இடமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஸ்பெயினின் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இனம் 2002இல் நூற்றுக்கும் குறைவாக, இரண்டே இரண்டு பகுதிகளில் எஞ்சியிருந்தது. தோன்யானாவில் உள்ள எல் அசெபுச்சே மையத்தில் 2005 மார்ச்சில் சலியேகா என்ற பெண் லின்க்ஸ் முதன்முதலாகக் குட்டி ஈன்றது. அதன்பின் 2010 முதல் 400க்கும் மேற்பட்டவை ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் காட்டில் விடப்பட்டன. 2024 ஜூனில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அருகும் நிலையிலிருந்து ஒரு படி மேலே நகர்த்தியது. குட்டிகளையும் சேர்த்து எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த வெற்றியில் கூண்டு ஒரு பாதிதான். லின்க்ஸின் முக்கிய உணவு முயல். நோய் வந்து முயல் அழிந்ததால்தான் லின்க்ஸும் அழிந்தது. முயல் பெருக இடம் செய்தார்கள், நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், வாகனங்களில் அடிபடாமலிருக்கச் சாலைக்கடியில் வழி அமைத்தார்கள். போய்ச் சேர ஒரு வீடு தயாரான பிறகுதான் கூண்டைத் திறந்தார்கள்.

பிடித்து வேறிடத்தில் விட்டால் என்ன?

ஊருக்குள் சிறுத்தை வந்தால் எழும் முதல் கோரிக்கை இதுதான்: பிடித்துக்கொண்டு போய் அடர்ந்த காட்டில் விடுங்கள். கேட்க நியாயமாகப் படும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். கரும்பு வயல்களில் தலைமுறைகளாக வாழ்ந்த சிறுத்தைகளை 2001 முதல் நிறையப் பிடித்துத் தொலைவான காடுகளில் விட்டார்கள். ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவும் இதை ஆராய்ந்தபோது எதிர்பாராத விளைவு வெளிப்பட்டது. ஜுன்னரில் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல், இந்த இடமாற்றத்துக்குப் பிறகு 17 ஆக உயர்ந்தது. சிறுத்தைகளை விட்ட இடங்களுக்கு அருகிலும் தாக்குதல் நடந்தது. பெரும்பூனைக்குத் தன் எல்லை, தண்ணீர் இருக்கும் இடம், மறைவிடம் எல்லாம் மனப்பாடம். அந்நிய நிலத்தில் விடப்பட்டால் அது தன் ஊரைத் தேடி நடக்கத் தொடங்கும். வழியில் எத்தனையோ ஊர்களைக் கடக்கும், குழம்பும், அஞ்சும். காலியான பழைய இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்து சேரும். ஆட்டை இரவில் உறுதியான பட்டியில் அடைப்பது, தெருநாய்களைக் கவரும் குப்பையை அகற்றுவது, இருட்டியபின் குழந்தைகளைத் தனியே வெளியே அனுப்பாதிருப்பது ஆகியவைதாம் உண்மையில் உயிர்களைக் காக்கின்றன. கூண்டு வைத்தால் ஏதோ செய்துவிட்டதாகத் தோன்றும். ஆகவே கூண்டுக்கே ஆதரவு கூடுகிறது.

கண்டம் விட்டுக் கண்டம் பெயர்த்த கதை நமக்குத் தெரிந்ததே. மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12உம் வந்தன. முதல் ஆண்டில் பல இறந்தன. அவற்றில் ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அது எல்லோருக்கும் பாடம். தெற்கு அரைக்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். உடல் அந்தப் பழக்கத்திலேயே அடர்ந்த குளிர்கால முடியை வளர்த்துக்கொண்டது; குனோவில் அப்போது அடைமழை. நனைந்த முடிக்கடியில், கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் புண் வந்து, புழு வைத்து, இரத்தத்தில் நச்சேறியது. உயிரினத்தின் உள்ளிருக்கும் நாள்காட்டியை விமானத்தில் ஏற்றி மாற்றிவிட முடியாது. அதே குனோவில் நம்பிக்கை தரும் நிகழ்ச்சியும் உண்டு. 2023 கோடையின் கடும் வெப்பத்தில் ஜ்வாலா என்ற தாயின் நான்கு குட்டிகளில் மூன்று இறந்தன. பிழைத்த பெண்குட்டியைப் பணியாளர்கள் வளர்த்தார்கள். முகி என்று பெயர் பெற்ற அது 2025 நவம்பரில் ஐந்து குட்டிகளை ஈன்றது. கைவளர்ப்பு என்றாலே வீண் என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு அது சான்று. ஆயினும் குனோவைச் சுற்றியுள்ள ஊர்களின் ஆடுகளுக்கு இழப்பீடு நேரத்துக்குக் கிடைக்கிறதா என்பதே நெடுங்காலத்தில் எதையும் தீர்மானிக்கும் என்பது என் கருத்து.

பணம் கொடுப்பதற்கு முன்

வெளிநாட்டுப் பயணத்தில் "குட்டியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம்" என்ற விளம்பரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் இப்படி மடியில் கொடுக்கப்பட்ட சிங்கக்குட்டிகளில் பல, வளர்ந்தபின் வேலிக்குள்ளேயே சுட்டு விளையாடும் வேட்டைக்கு விற்கப்பட்டிருக்கின்றன. நாள் முழுதும் ஆள் ஆளாய்த் தூக்கக் குட்டி வேண்டும் என்றால் ஆண்டுதோறும் குட்டி பிறந்துகொண்டே இருக்க வேண்டும், தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வளர்ந்தவை எங்கே போகின்றன என்று அந்த இடத்தில் கேட்டுப் பாருங்கள். உண்மையான காப்பகம் பார்வையாளரைத் தொட விடாது, வீணாகக் குட்டி பெருக்காது, விலங்கை விற்காது. காட்டுக்கு அனுப்பத்தக்க விலங்குகளைப் பார்வையாளர் கண்ணிலேயே காட்டாது. அதைப் பார்க்க முடியவில்லையே என்று வருந்தாதீர்கள், அதற்காகவே கூடுதலாக ஒரு ரூபாய் கொடுங்கள்.

நம் பக்கத்தில் சிவிங்கிப்புலி இல்லை என்றாலும், கரும்பு வெட்டும்போதும் தேயிலைக் கவாத்தின்போதும் காட்டுப்பூனை, சிறுத்தை ஆகியவற்றின் குட்டிகள் தென்படுவது அடிக்கடி நடப்பது. பார்த்தவுடன் அனாதை என்று முடிவு செய்துவிடக் கூடாது. தாய் பகலில் குட்டிகளை மறைவில் விட்டுவிட்டு இரை தேடப் போவது வழக்கம்; ஆள் நடமாட்டம் இருக்கும்வரை அது அருகே வராது. ஜுன்னர் பகுதியில் வனத்துறையும் காட்டுயிர் மீட்புக் குழுவினரும் இதற்கென ஒரு நல்ல முறையைப் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் குட்டியைச் சோதித்து உண்ணி நீக்கியதும், கிடைத்த அதே இடத்தில் மாலையில் ஒரு பெட்டிக்குள் வைத்து, தானியங்கிக் கேமராவைப் பொருத்திவிட்டு எல்லோரும் விலகிவிடுவார்கள். இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். முதல் இரவு வராவிட்டால் மறுநாளும் வைப்பார்கள்.

ஆகவே உங்கள் வயலிலோ தோட்டத்திலோ குட்டி கண்ணில் பட்டால் தொடாதீர்கள், பால் வைக்காதீர்கள், கூட்டம் கூட விடாதீர்கள். அந்தப் பக்கத்து வேலையை அன்றைக்கு நிறுத்திவிட்டு, இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பெரிய விலங்காக இருக்கலாம் என்று ஐயமிருந்தால் தாய் பக்கத்திலேயே இருக்கும் என்பதையும் எண்ணி, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். ஏற்கெனவே யாராவது வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தால், சத்தம் போடாமல் பேசி அன்றைக்கே அதே இடத்துக்குத் திரும்பச் செய்ய வனத்துறையினரை அழையுங்கள். எந்தக் காட்டுப்பூனைக் குட்டியையும் வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு நாள் தாமதம் என்றால் தாய் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். வாரக்கணக்கில் தாமதமானால் அந்தக் குட்டிக்கு மிஞ்சுவது கூண்டுதான்.